ஒரு கை பாக்கெட்டில்

வாசகர் கேள்விகள்

போன இதழில் பழைய மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து எதை எடுத்து வைக்கலாம் என்று நாலு வரி எழுதியிருந்தேன். விசிறி மோட்டார், தட்டைச் சுற்றும் சின்ன மோட்டார், சுவிட்சுகள் இதெல்லாம் உதவும், டிரான்ஸ்பார்மரை மட்டும் தொடாதீர்கள் என்று. அந்தக் கடைசி வரியைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். இந்த மாதம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் கடைக்கு வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஹை வோல்டேஜ் பற்றியதுதான். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். டிரான்ஸ்பார்மரைச் சொன்ன நான் பக்கத்திலேயே இருக்கும் கெபாசிட்டரைச் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தங்கியிருக்கலாம். அது என் தப்பு. ரேடியோ ஆண்டெனா கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, நான் படிவம் 4. பழைய இரும்புக் கடையில் 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மரும் அதனுடைய கெபாசிட்டரும் வாங்கினேன். பலகையில் மின்னல் மாதிரி கோலம் எரிக்கும் வீடியோ பார்த்தேன். பள்ளிப் புத்தாக்கப் போட்டிக்கு அதைச் செய்ய ஆசை. வீட்டில் ஈஎல்சிபி இருக்கிறது, கையுறையும் போட்டுக்கொள்வேன். வேறு என்ன கவனிக்க வேண்டும்?
— தோட்டத்து மாணவன்

செய்யாதே தம்பி. கவனமாகச் செய் என்று சொல்ல வரவில்லை, செய்யவே செய்யாதே என்கிறேன்.

கடுப்பாக இருக்கும், தெரியும். அதனால் காரணத்தை முழுசாகச் சொல்கிறேன். அந்த டிரான்ஸ்பார்மர் நம் வீட்டு 230 வோல்ட்டை வாங்கி ஏறக்குறைய 2000 வோல்ட்டாகக் கொடுக்கும். வோல்ட் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, அரை ஆம்பியர் கரண்ட்டையும் சேர்த்து அசராமல் கொடுக்கும். மனிதன் உடம்பில் 1 மில்லி ஆம்பியர் ஓடினால் சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியர் தாண்டினால் பிடித்த கையை விட முடியாது, தசை தானாக இறுகிக்கொள்ளும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சு வழியாகக் கொஞ்ச நேரம் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. அரை ஆம்பியர் என்றால் 500 மில்லி ஆம்பியர். கணக்கை நீயே போட்டுக்கொள்.

இப்போது ஈஎல்சிபிக்கு வருகிறேன். உன்னை மாதிரி கேட்ட எல்லாருமே வீட்டில் ஈஎல்சிபி இருக்கிறது என்று தைரியமாக எழுதியிருக்கிறார்கள், அதனால்தான் எனக்குப் பயம். அது எப்படி வேலை செய்கிறது என்று உன் தாத்தாவுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். காலையில் தோட்ட ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் கணக்கெழுதும் கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் எழுதுவார். 40 பேர் மர நிரைக்கு வேலைக்குப் போனார்கள், மத்தியானம் 40 பேரும் திரும்பினார்கள், கணக்கு சரி. 39 பேர்தான் வந்தார்கள் என்றால் ஒருத்தரைக் காணோம், அடி மணியை. ஈஎல்சிபி செய்வதும் இதேதான். லைவ் கம்பியில் போன கரண்ட் நியூட்ரல் கம்பியில் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்க்கும். குறைந்தால், யாரோ ஒருத்தர் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிடும்.

டிரான்ஸ்பார்மர் நடுவில் வந்தால் கதை மாறிவிடுகிறது. அதில் முதல் சுருளுக்கும் இரண்டாவது சுருளுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது, காந்தம்தான் பாலம். ஆகவே இரண்டாவது சுருளில் ஓடுகிறவர்கள் வேறு தோட்டத்து ஆட்கள். அவர்கள் உன் கை வழியாக ஏறி, நெஞ்சைத் தாண்டி, அவர்கள் தோட்டத்துக்கே திரும்பிப் போவார்கள். நம் கிராணி செக்ரோலைப் பார்த்தால் 40 போனது, 40 வந்தது. கணக்கு சுத்தமாக இருக்கும், நீ தரையில் கிடப்பாய். பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் பியூஸும் அதே கதைதான். நீ இழுக்கும் கரண்ட் அதற்கு ஒரு கெட்டில் சுடவைப்பதைவிடக் குறைவு, அது ஏன் எரியப் போகிறது?

கையுறை என்றாயே, எந்தக் கையுறை? பாத்திரம் கழுவுவதா, மோட்டார் சைக்கிள் ஓட்டுவதா? லைன் வேலைக்காரர்கள் போடும் கையுறை இத்தனை வோல்ட் தாங்கும் என்று சோதித்து முத்திரை குத்தியது, ஊசித் துளை விழுந்தாலே ஒதுக்கிவிடுவார்கள்.

அந்தக் கோலத்துக்குப் பேர் லிச்சன்பர்க் உருவம். ஜெர்மன் இயற்பியலாளர் லிச்சன்பர்க் 1777-ல் இதைக் கண்டார், ஆனால் அவர் நிலைமின்னேற்றிய ஒரு தட்டில் தூள் படிந்த விதத்தைப் பார்த்துத்தான் கண்டார், ஈரப் பலகையில் 2000 வோல்ட்டை விட்டு அல்ல. இன்று வீட்டுக் கொட்டகையில் இதைச் செய்யப்போய் அமெரிக்காவில் மட்டும் 30 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள். அங்குள்ள மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதைத் தடையே செய்துவிட்டது. கடைசல் மெஷினில் விரலை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவர்களே இது வேண்டாம் என்கிறார்கள், யோசித்துக்கொள்.

டிரான்ஸ்பார்மரை என்ன செய்வது என்று கேட்பாய். கடைசியில் சொல்கிறேன்.

என் மகனுக்கு 13 வயது. கொசு மட்டையைப் பிரித்துப் போட்டிருக்கிறான். பெட்டியில் 3000 வோல்ட் என்று இருக்கிறது. பழைய கேமரா பிளாஷ் ஒன்றையும் வைத்துக்கொண்டு அது வெறும் 300 வோல்ட்தான், பயப்படாதே அம்மா என்கிறான். நான் எதற்குப் பயப்படுவது?
— ஒரு தாயார்

பிளாஷுக்குப் பயப்படுங்கள் அம்மா. கொசு மட்டைக்குக் கொஞ்சம்.

இது எல்லாரும் சறுக்கும் இடம், பையனைக் குற்றம் சொல்ல முடியாது. வோல்ட் என்பது தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது மாதிரி. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை அது சொல்லாது. மேலே இருந்து ஒரு கரண்டித் தண்ணீர் விழுந்தால் துடைத்துக்கொண்டு போகலாம், ஒரு டிரம் தண்ணீர் விழுந்தால் கழுத்து போய்விடும்.

நான் கடையில் பிரித்த ஒரு மட்டையில் இருந்த கெபாசிட்டர் 22 நானோபாரட். 2000 வோல்ட் ஏறியது என்று வைத்தால் அதில் தேங்கியிருப்பது 0.044 ஜூல். தொட்டால் சுளீரென்று அடிக்கும், கெட்ட வார்த்தை வரும், அவ்வளவுதான். பிளாஷில் இருக்கும் கெபாசிட்டர் பொதுவாக 120 மைக்ரோபாரட் பக்கம் இருக்கும். 300 வோல்ட்டில் அது 5.4 ஜூல். அதாவது வோல்ட் ஏழில் ஒரு பங்கு, உள்ளே இருக்கும் சரக்கு நூறு மடங்குக்கு மேல். பேட்டரியைக் கழற்றிப் பல நாள் ஆன பிறகும் சரக்கு அதிலேயே கிடக்கலாம்.

மகனிடம் கேமராவைப் பிடுங்கி ஒளித்து வைக்காதீர்கள், நீங்கள் சந்தைக்குப் போன நேரத்தில் எடுத்துவிடுவான். என் கடைக்கு அழைத்து வாருங்கள், முன்னால் வைத்துக் காட்டுகிறேன். இரண்டு நீளமான, ரப்பர் உறை போட்ட கம்பிகளின் நடுவில் ஒரு 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர். கம்பி நுனிகளைக் கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் ஐந்து விநாடி வைத்தால் வடிந்துவிடும். பிறகு மல்டிமீட்டரை வைத்து பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்க்க வேண்டும், பார்த்த பிறகே விரல். ஸ்குரூடிரைவரை வைத்து இரண்டு காலையும் சேர்த்துவிடுவது சினிமா வேலை. டப்பென்று வெடித்து உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கும்.

அப்புறம் ஒன்று, மட்டையில் பெரிய கெபாசிட்டர் போட்டால் கொசு இன்னும் நன்றாகச் சாகுமா என்று இவன் வயசுப் பையன்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொசு ஏற்கெனவே நன்றாகத்தான் சாகிறது. கூடுதல் அடி யாருக்கு என்று அவர்களையே கேளுங்கள்.

டெஸ்ட் பென் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. அப்படியென்றால் கரண்ட் இல்லை என்று தொடலாமா?
— செம்பனை ஆலைத் தொழிலாளி

தொடக்கூடாது. டெஸ்ட் பென் எரிவதற்கு கரண்ட் உங்கள் விரல் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எங்கும் எர்த் ஆகாமல் தனியாகத் தொங்கும் ஒரு கெபாசிட்டரில் 300 வோல்ட் இருந்தாலும் அந்தப் பேனா எரியாது, ஏனென்றால் பாதை முடியவில்லை. நீங்கள் கெபாசிட்டரின் இரண்டு காலையும் தொடும்போதுதான் பாதை முடியும். மீட்டரை வைத்துப் பாருங்கள். மீட்டரிலும் உச்சவரம்பு எழுதியிருக்கும், பெரும்பாலும் 600 அல்லது 1000 வோல்ட். அதை எடுத்துக்கொண்டுபோய் மைக்ரோவேவின் 2000 வோல்ட்டில் வைத்தால் மீட்டர் உங்கள் கையிலேயே வெடிக்கும்.

ஆன்லைனில் 8 வெள்ளிக்கு வோல்ட்டைக் கூட்டும் ஒரு குட்டி மாடுல் வாங்கினேன். இரண்டு பேட்டரியில் 1000 கிலோவோல்ட் வரும் என்று போட்டிருக்கிறது. உண்மையா?
— கல்லூரி மாணவி

பொய். காற்றைக் கிழித்துக்கொண்டு தீப்பொறி பாய ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 3000 வோல்ட் வேண்டும், இது சுமாரான கணக்கு, முனை கூராக இருந்தால் குறையும். 1000 கிலோவோல்ட் என்றால் பொறி முப்பது சென்டிமீட்டருக்கு மேல் பாய வேண்டும். உங்கள் மாடுலில் எவ்வளவு பாய்கிறது? ஒன்றரை சென்டிமீட்டர் இருந்தாலே பெரிய விஷயம். ஆக முப்பது, நாற்பது கிலோவோல்ட்டுக்குள்தான். நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் டிஎன்பியின் பெரிய கம்பிக் கோபுரங்களில்கூட அதிகபட்சம் 500 கிலோவோல்ட்தான் போகிறது. எட்டு வெள்ளிப் பொருள் அதைவிட இரண்டு மடங்கு என்றால் எழுதியவருக்கே சிரிப்பு வந்திருக்கும்.

பொய் என்பதற்காக விளையாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். பேட்டரியில் ஓடுவதால் பின்னால் நிற்கும் சக்தி குறைவு, ஆனால் தோலைச் சுடும், பக்கத்தில் பெட்ரோல் போத்தலோ கொசு ஸ்பிரேயோ இருந்தால் பற்றிக்கொள்ளும், மடிக்கணினியையும் கைப்பேசியையும் ஒரே பொறியில் கொன்றுவிடும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். பேட்டரிக்குப் பதிலாக அடாப்டரில் மாட்டி ஓட்டலாமா என்று அடுத்து ஒரு யோசனை வரும். அதையும் வேண்டாம்.

காட்டுப்பன்றி வந்து மரவள்ளியையும் செம்பனைக் கன்றுகளையும் தோண்டிப் போட்டுவிடுகிறது. வேலிக் கம்பியில் வீட்டுக் கரண்ட்டை இரவில் மட்டும் கொடுத்தால் போதுமா, நடுவில் ஒரு பல்பு போட்டால் ஷாக் குறையும் என்கிறார்களே?
— சிறுதோட்டக்காரர்

ஐயா, உங்கள் வயசுக்கு மரியாதை கொடுத்துச் சொல்கிறேன், அது வேலி இல்லை, கொலை. இரவில் பன்றி மட்டுமா நடமாடுகிறது? விடியற்காலை இருட்டில் ரப்பர்ப் பால் மரம் சீவப் போகிறவர், மாட்டைத் தேடி வருகிறவர், பந்தை எடுக்க வரும் பேரப்பிள்ளை. பல்பு போட்டால் குறையும் என்பவரைக் கேளுங்கள், ஒரு 60 வாட் பல்பு எவ்வளவு கரண்ட்டை விடும் என்று. 260 மில்லி ஆம்பியர். உயிர் போக வேண்டியதற்கு எட்டு மடங்கு. செத்தால் உங்கள் மேல் போலீஸ் வழக்கு, அது நியாயமும்கூட.

கடையில் விற்கும் மின்வேலிப் பெட்டி ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுக்கிறது, ஆனாலும் அது தொட்டவரைக் கொல்வதில்லை. காரணம், அது கரண்ட்டைத் தொடர்ந்து கொடுக்காமல் ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒருமுறை, கண் இமைப்பதைவிடப் பல மடங்கு குறைந்த நேரத்துக்கு ஒரு அடி மட்டும் கொடுக்கும். அந்த அடியும் 5 ஜூலுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. அடி விழுந்ததும் கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். வீட்டுக் கரண்ட்டில் அந்த நேரம் கிடைக்காது, கை கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். தரமான பெட்டியை வாங்கி, எச்சரிக்கைப் பலகை மாட்டி வையுங்கள். அதை நானே செய்து தருகிறேன் என்று எவனாவது எலக்ட்ரானிக்ஸ் கிறுக்கன் வந்தால், அது நானாகவே இருந்தாலும், விரட்டிவிடுங்கள்.

ஜப்பான் சிலிப்பர் போட்டுக்கொண்டால் போதுமா?
— பெயர் போடவில்லை

போதாது. கையிலிருந்து காலுக்குப் போகும் பாதையை ஏதோ கொஞ்சம் தடுக்கும், அதுவும் காய்ந்திருந்தால். ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறும் பாதைக்குச் சிலிப்பர் என்ன செய்யும்? அந்தப் பாதையின் நடுவில்தான் இதயம் இருக்கிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான் முதலில் வேலை பார்த்த டிவி கடையின் தவுக்கே, அதாவது முதலாளி. எண்பதுகளின் நடுவில், எனக்கு 19 வயது. பின்பக்கம் திறந்து கிடக்கும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் போதும், "சத்து தாங்ஙான் சஜா" என்று கத்துவார். ஒரு கை மட்டும். இடது கை கால்சட்டைப் பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். எனக்கு அது அவமானமாக இருந்தது, பக்கத்துக் கடைப் பெண்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று. ஒருநாள் அவர் சாப்பிடப் போன நேரம் இரண்டு கையையும் உள்ளே விட்டேன். 21 இன்ச் கலர் செட், பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். பிக்சர் டியூப் தலையில் ஒரு ரப்பர் மூடி இருக்குமே, கறுப்பாக, குழந்தைகளின் பால் போத்தல் ரப்பரைக் கவிழ்த்து வைத்த மாதிரி, அதன் ஓரத்தில் வலது நடுவிரல் பட்டது. ஓடும்போது அங்கே 25 கிலோவோல்ட் பக்கம் இருக்கும், டியூப் கண்ணாடியே ஒரு கெபாசிட்டர், அணைத்த பிறகும் பிடித்து வைத்திருக்கும். அடி என்னைக் கொல்லவில்லை. ஆனால் கை தானாகப் பின்னால் பறந்து சேசிஸ் தகட்டின் விளிம்பில் கிழிந்தது, முழங்கையில் எட்டுத் தையல். தழும்பு இன்னும் இருக்கிறது, கடைக்கு வருகிற பையன்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன். தவுக்கே திரும்பி வந்து என் கையைப் பார்க்கவில்லை, பாக்கெட்டைத்தான் பார்த்தார்.

பழைய டிவிகள் இப்போது குப்பைமேட்டில் மலிந்து கிடக்கின்றன. புதியவர்கள் அதைத் திறக்க வேண்டாம். ஒருமுறை வடித்த பிறகும் சில நிமிடத்தில் கொஞ்சம் திரும்ப ஏறிக்கொள்ளும் குணம் அந்த டியூபுக்கு உண்டு.

யாராவது ஷாக் அடித்து விழுந்தால்?
— இளைஞர் மன்றச் செயலாளர்

ஓடிப்போய்த் தூக்காதீர்கள், இரண்டு பேராகிவிடுவீர்கள். முதலில் சுவிட்ச், முடியாவிட்டால் மெயின் சுவிட்ச். பிறகு 999. மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் இறங்குகிற மாதிரி அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை. தோட்டத்துச் செம்மண் சாலையில் அது வந்து சேர நேரமாகும், ஆகவே மாற்றி மாற்றி அழுத்த நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மன்றத்தில் ஒரு பயிற்சி வையுங்கள். ஷாக் வாங்கியவர் எழுந்து உட்கார்ந்து எனக்கு ஒன்றுமில்லை என்று தேநீர் கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எதற்கு இந்த வம்பு? பையன்களைக் கரண்ட் பக்கமே விடக்கூடாது. நம் பிள்ளைகள் படித்து ஆபீஸ் வேலைக்குப் போகட்டும்.
— ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

ஐயா, இதில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். இந்த நாட்டில் முதன்முதலில் மின்சாரம் உற்பத்தி செய்து வேலை வாங்கிய இடம் 1894-ல் ரவாங்கில் இருந்த ஒரு ஈயச் சுரங்கம். அதை வைத்தவர்கள் சீனத் தொழிலதிபர் லோக் இயூவும், பத்துமலைக் கோயிலைத் தொடங்கிய நம் தம்புசாமிப் பிள்ளையும். பத்துமலை என்றால் பிள்ளையை நினைக்கிறோம், ஜெனரேட்டர் என்றாலும் நினைக்கலாம்.

பயமுறுத்தித் துரத்தினால் பையன் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் செய்வான், தனியாக. தனியாகச் செய்வதுதான் எல்லாவற்றையும்விட மோசம். 9 வோல்ட் பேட்டரியைக் கொடுங்கள். அப்பா பால் மரம் சீவுகிறவரா? மழைத்துளி பட்டால் வீட்டுக்குள் பீப் அடிக்கும் சர்க்யூட் ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பசர், இரண்டு கம்பி. அது வேலை செய்கிற அன்று அவன் முகத்தைப் பாருங்கள். அப்புறம் 12 வோல்ட், அப்புறம் 24. வீட்டு 230 வோல்ட்டைத் தொடும் எதையும் பல வருஷம் கழித்து, தெரிந்தவர் ஒருத்தர் பக்கத்தில் நிற்கும்போது பார்க்கலாம். வீட்டு வயரிங் வேலையை அப்போதும் லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்கு விட்டுவிட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேலை. ஈஎல்சிபியில் எழுதியிருக்கும் எண்ணைப் போய்ப் பாருங்கள். 100 மில்லி ஆம்பியர் என்றிருந்தால் அது மனிதனைக் காப்பாற்றப் போதாது. பிளக் பாயிண்ட் பக்கத்துக்கு 30 வேண்டும், குளியலறை ஹீட்டருக்கு 10. மாதம் ஒருமுறை அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்குங்கள், விழவில்லையென்றால் மாற்றுங்கள்.

அண்ணே, திரும்பவும் நான்தான், படிவம் 4. போன கேள்வியை அனுப்பிய பிறகு யோசித்தேன். டிரான்ஸ்பார்மருக்கு 15 வெள்ளி போட்டுவிட்டேனே?

கடையில் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது, 600 வோல்ட்வரை அளக்கும், ஒரு கம்பி மட்டும் மாற்றியது. டிரான்ஸ்பார்மரைக் கொண்டு வா, மீட்டரை எடுத்துக்கொண்டு போ. செம்புக்கு எனக்கு விலை கிடைக்கும். கெபாசிட்டரை மட்டும் நீ தொடாதே, இருக்கும் இடத்தைச் சொல், ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.